மல்லாட்டைக்குள் ஒரு பொலிவியாக்காரன்

ஹாஸ்டல்ல நாலு மாவட்டத்துப் பசங்க ஒரே ரூம்ல இருந்தா ஒரு வேலை பண்ணிப் பாருங்க. வேகவைத்த கடலைப் பொட்டலம் ஒன்றை நடுவில் பிரித்து வைத்து, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"ன்னு கேளுங்க. கோயம்புத்தூர்க்காரன் கடலக்காய் என்பான். தர்மபுரிக்காரன் கல்லக்கா என்பான். சென்னைக்காரனுக்கு வேர்க்கடலை. நாலாவது ஆள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் என்றால் "மல்லாட்டை" என்பான். மற்ற மூணு பேரும் சிரிப்பார்கள். நான் அந்த மல்லாட்டைக் கட்சி.

சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, இன்னும் தேய்ந்து மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் தலைநகரத்தின் பெயரை நாங்கள் பல தலைமுறையாக மென்றுகொண்டிருக்கிறோம். செடிக்குச் சொந்த ஊர் மணிலாவும் இல்லை, தென் அமெரிக்கா. 'வேர்க்கடலை'யும் சரியான பேர் இல்லைங்க. பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கும். அப்புறம் ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும். வேருக்கும் காய்க்கும் சம்பந்தமே கிடையாது. இப்படிப் பெயரிலேயே இவ்வளவு குழப்பம் உள்ள பயிருக்குள், வெளியூர்க்காரன் இன்னொருத்தனும் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம காட்டாங்குளத்தூர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே 80 கிலோமீட்டர் சொச்சம் போனால் திண்டிவனம் வரும். லீவுக்குத் தெற்கே போகிற எல்லாரும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அதைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே ஒரு எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்கள் எல்லாம் அந்த ஊர்ப் பெயரைச் சுமப்பவை. அதில் டி.எம்.வி. 2 வெளியானது 1940ல். குடியாத்தம் பக்கத்துக் கொத்துக்கடலையில் இருந்து தேர்ந்தெடுத்த ரகம். சுதந்திரத்துக்கு 7 வருஷம் முன்னாடி வந்தது, இன்னும் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா நிலங்களில் இருக்கிறது. எந்தச் சாப்ட்வேருக்காவது இப்படி ஒரு ஆயுள் உண்டா சொல்லுங்க.

எங்க தாத்தா போடுவது அதுதான். என்ன ரகம் என்று கேட்டால் "நம்ம மல்லாட்டைதான்டா" என்பார். நல்ல காய், நல்ல எண்ணெய், செக்குக்காரருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு குறை. மழை நாளில் ஈரம் நின்றால் இலை போய்விடும்.

இலை போகிறது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். அது முன்பருவ இலைப்புள்ளி. அப்புறம் கரும்புள்ளி, வளையம் அவ்வளவாக இருக்காது, இலையின் அடிப்பக்கம் கரியைத் தொட்டு வைத்த மாதிரி இருக்கும். அது பின்பருவ இலைப்புள்ளி. இரண்டுக்கும் சேர்த்து டிக்கா நோய் என்று பேர். மூணாவது துரு நோய். இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளம். விரலால் தடவினால் குங்குமம் மாதிரி ஒட்டும். மூணுமே பூஞ்சைகள். டிக்கா வந்த இலை உதிர்ந்துவிடும். துரு வந்த இலை உதிராது, காய்ந்து செடியிலேயே தொங்கும். மூணும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். முற்றினால் பாதி மகசூல் போகும். அதைவிடக் கொடுமை அறுவடையில்தான். இலை இல்லாத செடியில் விழுது வலுவிழந்து போகும். பிடித்து இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே நின்றுவிடும். அப்புறம் கூலி ஆளை வைத்து மண்வெட்டியால் தோண்டிப் பொறுக்கணும். மாட்டுக்குப் போட வேண்டிய கொடியும் வீண்.

இதுக்கு மருந்து அடிக்கலாம், அடிக்கிறார்கள். கார்பன்டசிம், மேன்கோசெப் என்று கடையில் கிடைக்கும். ஆனால் மருந்துக்குக் காசு, அடிக்கிற ஆளுக்குக் காசு, அடித்த மறுநாள் மழை வந்தால் எல்லாம் தண்ணீரோடு போச்சு. மானாவாரியாக ஆடிப்பட்டம் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டாது. அதனால்தான் செடியே நோயைத் தாங்கணும் என்கிறார்கள்.

தாங்குவது என்றதும் நாம் ஃபயர்வால் மாதிரி ஒன்றைக் கற்பனை பண்ணுவோம். பூஞ்சை வந்தால் உள்ளே விடாமல் தடுத்துவிடும் என்று. கடலையில் அப்படி இல்லை. பூஞ்சை உள்ளே வரும், கொப்புளமும் வரும். ஆனால் லேட்டாக வரும், சின்னதாக வரும், அதில் இருந்து கிளம்பும் வித்துகளும் குறைவு. "அவ்வளவுதானா?" என்று தோணும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க (எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை). ஒரு புள்ளி 10 நாளில் முற்றி, 10 புதுப் புள்ளிகளைக் கிளப்புகிறது என்று வையுங்க. 60 நாளில் 6 சுற்று. 10ஐ ஆறு முறை பெருக்கினால் 10 லட்சம். இன்னொரு செடியில் முற்றுவதற்கு 15 நாள், கிளம்புவது 5 புள்ளி. 60 நாளில் 4 சுற்றுதான். 5ஐ நாலு முறை பெருக்கினால் 625. கூட்டு வட்டியில் வட்டி விகிதத்தையும் தவணையையும் கொஞ்சம் மாற்றினால் போதும், கடன்காரன் பிழைத்துக்கொள்வான். கடலைக்கு இருக்கிற 105 நாளை நோயோடயே ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம்.

சரி, அந்தத் தாங்கும் குணத்தை நல்ல கடலை ரகங்களிலேயே தேடி எடுக்க வேண்டியதுதானே? தேடினார்கள். பெரிசாக ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் கடலையின் பிறப்பிலேயே இருக்கிறது. தென் அமெரிக்காவில் சில ஆயிரம் வருடங்களுக்கு முன் இரண்டு காட்டு இனங்கள் கலந்தன. அராகிஸ் டியூரனென்சிஸ் ஒன்று, அராகிஸ் இப்பயென்சிஸ் மற்றொன்று. தலைக்கு 20 குரோமோசோம். கலந்து பிறந்த பிள்ளைக்கு 40. அந்த ஒரே கலப்பில் இருந்துதான் உலகத்தில் இன்று விளையும் கடலை எல்லாம் வந்திருக்கிறது. 40 உள்ளது 20 உள்ளதோடு இயல்பாக இனம் சேராது என்பதால் சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தையும் அன்றோடு முடிந்தது. 2016ல் அந்த இரண்டு காட்டு இனங்களின் மரபணுத் தொகுப்பையும் படித்து முடித்தார்கள். பொலிவியாவில் ஒரே ஒரு இடத்தில் எடுத்த இப்பயென்சிஸ் செடி, நம் கடலையின் அந்தப் பாதியோடு 99.96 விழுக்காடு ஒத்துப்போனது. அதாவது மணிலாக்கொட்டையும் மல்லாட்டையும் கல்லக்காயும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். பாட்டியிடம் இல்லாத சொத்தைப் பேரன்களிடம் தேடினால் எங்கே கிடைக்கும்? பாட்டியின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில்தான் தேடணும்.

அந்த ஒன்றுவிட்ட தங்கச்சிதான் நம்ம பொலிவியாக்காரன். (ஆணா பெண்ணா என்று சண்டைக்கு வராதீங்க, கடலைப்பூவில் இரண்டும் உண்டு.) பேர் அராகிஸ் கார்டெனாசியை. மார்த்தின் கார்தெனாஸ் என்ற பொலிவியத் தாவரவியலாளர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1950களின் கடைசியில் வால்டன் கிரிகரி, அந்தோனியோ கிராபோவிக்காஸ், பியெத்ராரெல்லி என்ற மூன்று பேர் தென் அமெரிக்கா முழுக்கக் காட்டுக் கடலைகளைத் தேடி அலைந்தார்கள். அவர்களின் பெயர் முதலெழுத்தோடு இந்தச் செடிக்குக் கிடைத்த எண் ஜி.கே.பி. 10017. பார்த்தால் களை. காய் என்று சொல்ல இரண்டு குட்டி அறை, நடுவில் நூல் மாதிரி ஒரு இணைப்பு, அறைக்கு ஒரு விதை. யாரும் வறுத்துத் தின்ன மாட்டார்கள். ஆனால் துரு நோய்ப் பூஞ்சையை அதன் இலை மேல் போட்டால் ஒன்றும் நடக்காது.

1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிகரியும் ஜோசப் ஸ்மார்ட்டும் இதைக் கடலையோடு கலந்தார்கள். 40 குரோமோசோம் உள்ள தாயிடம் இருந்து 20, 20 உள்ள தந்தையிடம் இருந்து 10. பிள்ளைக்கு 30. ஜோடி சேராத 10 நடுவில் நிற்பதால் அந்தச் செடி மலடு. இங்கேதான் கோல்கிசின் வருகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறுகளைக் கோல்கிசின் கட்டவிடாது. செல் பிரியாமல் நின்றுபோக, 30 இரட்டித்து 60 ஆகும். இப்போது எல்லாவற்றுக்கும் ஜோடி உண்டு, செடி காய்க்கும். அப்புறம் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் மிச்சக் குரோமோசோம்களை உதிர்த்து 40க்கு வந்து நின்ற செடிகள் கிடைத்தன. காட்டுச் செடியின் சில துண்டுகள் மட்டும் அவற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கோல்கிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம்ம மாநில மலர் செங்காந்தளில். கொங்குப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பந்தல் போட்டு வளர்த்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். கட்டுரைக்கு இது தேவையா என்றால் தேவையில்லை. தெரிந்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

அந்தச் செடிகளின் வழித்தோன்றல்கள் கைமாறிக் கைமாறி ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972ல் தொடங்கிய இக்ரிசாட்டுக்கு வந்து சேர்ந்தன. அங்கே உருவான ஒரு வரிசை ஐ.சி.ஜி.வி. 86855. அதைக் கர்நாடகாவின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் ரகத்தோடு கலந்து ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை எடுத்தார்கள். துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் சேர்த்துத் தாங்கும், காயும் விற்கிற மாதிரி இருக்கும். இதில் இரண்டாவது சாதனைதான் பெரிசு என்பேன். காட்டுச் செடியில் இருந்து ஒரு நல்ல ஜீனை எடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு கெட்டி ஓடு, குட்டிக் காய், தாமதமாக முற்றுவது எல்லாம் கூடவே வரும். வரதட்சிணையாக வண்டி கேட்டால் மாமியாரும் ஏறி வந்த கதை. அதைப் பிரித்தெடுக்கத்தான் இத்தனை வருஷம்.

ஜி.பி.பி.டி. 4ஐ வைத்து ஆராய்ந்ததில் துருவைத் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி, 80 விழுக்காட்டுக்கும் மேல், ஒரே குரோமோசோம் பகுதியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இது தெரிந்த பிறகு வேலை மாறிவிட்டது. முன்பெல்லாம் செடியை வளர்த்து, பக்கத்து வரிசையில் நோய் பிடித்த செடிகளை நட்டு, மழைக்குக் காத்திருந்து, எது தப்புகிறது என்று பார்க்கணும். இப்போது நாற்றிலேயே இலையில் ஒரு துண்டு கிள்ளி டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆர். போட்டு, ஜெல்லில் பட்டை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பயோடெக் பசங்க மூணாவது செமஸ்டர் லேபில் செய்கிற அதே வேலை. (மத்தியானம் பவர் கட் ஆகாமல் இருந்தால்.)

இந்த முறையில் ஒரு பழைய ரகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஒரு பகுதியை மட்டும் உள்ளே நுழைக்கலாம். பழைய ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கணும். முதல் கலப்பில் பழைய ரகம் 50 விழுக்காடு. அப்புறம் 75, 87.5, 93.75. ஒவ்வொரு தடவையும் பட்டை உள்ள நாற்று மட்டும் மேலே போகும். இக்ரிசாட்டில் மூன்று பிரபல ரகங்களில் இதைச் செய்து 2014ல் வெளியிட்டார்கள். 2017ல் தார்வாட்காரர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் எடுத்துக்கொண்ட ரகம் டி.எம்.வி. 2. எங்க தாத்தாவோட மல்லாட்டை. 1940ல் திண்டிவனத்தில் பிறந்ததுக்கு, பொலிவியாவில் கிடைத்த, கரோலினாவில் கலந்த, பட்டான்செருவில் வளர்ந்த ஒரு துண்டை தார்வாடில் தைத்திருக்கிறார்கள்.

இதுவரை நல்ல கதை. இனிமேல்தான் சிக்கல்.

2021ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாட்டுக் கடலை ரகங்களை டி.என்.ஏ. வைத்துத் துழாவியதில் எங்கும் ஜி.கே.பி. 10017ன் துண்டுகள். பல ரகங்களை வளர்த்தவர்களுக்கே அது உள்ளே இருப்பது தெரியாது. யாரோ ஒருத்தர் எழுதி ஓசியில் விட்ட லைப்ரரி, உலகத்தில் பாதி ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. இது சாத்தியமானது ஒரே காரணத்தால்தான். அந்தக் காலத்தில் விதையைக் கேட்டால் ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போது அது நடக்காது என்கிறது அதே கட்டுரை.

ஏன் நடக்காது? 1992ன் பல்லுயிர் ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டின் செடி கொடியும் அந்த நாட்டுக்கே உரிமை என்றது. அதற்கப்புறம் உணவுப் பயிர்களுக்காக 2001ல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை போட்டு, நெல், கோதுமை என்று ஒரு பட்டியல் வைத்து, இவற்றின் விதைகளை எல்லாரும் பொது விதிப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அந்தப் பட்டியலில் கடலை இல்லை. கொண்டைக்கடலை உண்டு, துவரை உண்டு, தட்டைப்பயறு உண்டு, நிலக்கடலை கிடையாது. ஆக, இன்றைக்குப் பொலிவியாவில் இன்னொரு 10017 முளைத்திருந்தால் அது பட்டான்செருவுக்கு வர எத்தனை மேஜை தாண்டணும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படித்தவுடனே "எவ்வளவு மோசம், விதையைப் பூட்டி வைக்கிறானுங்களே" என்றுதான் எனக்கும் தோணியது. அப்புறம் மஞ்சள் ஞாபகம் வந்தது. 1995ல் புண் ஆற்ற மஞ்சள் தடவுவதற்கு அமெரிக்காவில் பேடன்ட் கொடுத்தார்களே, நம்ம சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997ல் அதை ரத்து பண்ண வைத்ததே. அந்தக் கதையை வாட்ஸப்பில் படித்துப் புல்லரிக்காத ஆள் நம்மில் யார்? வேம்புக்கும் அதே கோபம். 2002ல் நாமும் பல்லுயிர்ச் சட்டம் போட்டோம். அதைப் பார்த்துக்கொள்கிற தேசியப் பல்லுயிர் ஆணையம் டெல்லியில்கூட இல்லை, இங்கே தரமணியில் இருக்கிறது. மஞ்சள் விஷயத்தில் கொடுக்கிற கை நம்முடையது, அதனால் உரிமை பேசுகிறோம். கடலை விஷயத்தில் வாங்குகிற கை நம்முடையது, அதனால் பகிர்வு பேசுகிறோம். பொலிவியாவில் ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்து, "எங்க ஊர்க் களையை எடுத்துப் போய் உலகமே மருந்துச் செலவை மிச்சம் பிடிக்குது, எங்களுக்கு என்ன வந்தது?" என்று எழுதினால் நான் என்ன பதில் சொல்வேன்?

எனக்குத் தோணுவது இதுதான். காசு கொடுக்கணும், பேரும் கொடுக்கணும், ஆனால் கதவைச் சாத்தக் கூடாது. மஞ்சள் வழக்கில் நாம் எதிர்த்தது யாரோ ஒருத்தர் அதைப் பூட்டிச் சொந்தம் கொண்டாடியதை. தாத்தா நிலத்துக்கு வந்த துண்டை யாரும் பூட்டவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.

கதவு திறந்திருக்கணும் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுக்க ஒரே செடியின் ஒரே துண்டை நம்பியிருப்பது ஆபத்து. பூஞ்சையும் சும்மா இருக்காது, அதுவும் மாறும். இலங்கையில் 1869ல் காபிச் செடியில் துரு கண்டது. இருபது வருஷத்துக்குள் அந்தத் தீவின் காபித் தொழிலே படுத்துவிட்டது. அந்தத் தோட்டங்களில் வேலைக்குப் போயிருந்தது நம்ம ஊர் சனம். காபி போன இடத்தில் தேயிலை வந்தது, அந்த மக்களின் பாடு வேறு வடிவில் தொடர்ந்தது. பட்டான்செருவில் இப்போது வேறு காட்டு இனங்களை ஒன்றோடொன்று கலந்து, இயற்கை ஒரு தரம் செய்த அந்த 40 குரோமோசோம் வித்தையைக் கையால் திரும்பச் செய்திருக்கிறார்கள். புதுப் பாட்டிகளை உருவாக்குகிற வேலை. அதற்கும் மூலப்பொருள் காட்டுச் செடிதான்.

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொலிவியா, குரோமோசோம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "காய் இதே சைஸ்தானா? எண்ணெய் நிக்குமா? கமிட்டியில ரகம் வேறன்னு வெலைய கொறைப்பானா?" என்று மூணு கேள்வி. ஆய்வுக் கட்டுரைகளைவிட நேரடியான கேள்விகள். அதே ரகத்தில் அந்த ஒரு குணம் மட்டும் மாறியிருந்தால் மூணுக்கும் பதில் சாதகம்தான் என்றேன்.

"வெதை?" என்றார்.

அதுதான் கடலையின் பெரிய தலைவலி. ஒரு ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பு விதையாக வேணும். ஒற்றை நாற்று முறையில் நெல்லுக்கு 2, 3 கிலோ போதும். விதைத்ததுக்குக் கடலை திருப்பிக் கொடுப்பது பத்து மடங்குதான். அதனால்தான் எவ்வளவு நல்ல ரகம் வந்தாலும் நிலம் நிலமாகப் பரவ வருஷக்கணக்கு ஆகிறது, 1940 ரகம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 5 கிலோ கிடைத்தால் என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த மார்கழிப் பட்டத்துக்கு 9 சென்ட், அதில் வருவதைத் தின்னாமல் வைத்தால் அடுத்த பட்டத்துக்கு ஒரு ஏக்கர், அதுக்கு அடுத்ததில் தெருவுக்கே கொடுக்கலாம். "மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி அந்தத் துண்டு சும்மாதான் கெடக்குது" என்றார், "கெணத்துத் தண்ணி எட்டும்."